வாடகை வீட்டில் ஆணி அடிக்கலாமா?

மக்களே, இது கொஞ்சம் நுட்பப் பதிவு. பொட்டி தட்டாதவங்க பயப்பட வேணாம். பாதிக்கு மேல கரண்ட் பில்லும் வீட்டு வாடகையும்தான் பேசப் போறேன் :-)

முதல்ல ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துடறேன். இந்தப் பதிவில் 'ஆர்' என்று வருகிற இடமெல்லாம் புள்ளியியல் கணக்குகளுக்கான கணினி மொழியைக் குறிக்கும். ஈஸ்ட் ஹாமில் எங்க வீட்டு மாடி அறையில் இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணா ஒருநாள் என் திரையில் இருந்த வரைபடத்தைப் பார்த்துட்டு, "இது ஆர் எழுதினது?" என்று கேட்டார். "ஆமாண்ணா, ஆர்லதான் எழுதினேன்" என்றேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் முழிச்சுக்கிட்டு நின்னோம். அவங்க ஊர்ப் பேச்சில் ஆர் என்றால் யார்.

1976ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் கூட்டாளிகளும் தொடங்கின 'எஸ்' மொழியோட வாரிசு இது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற ரெண்டு வாத்தியார்கள் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினாங்க. முதல் முழுப் பதிப்பு வந்தது 2000 பிப்ரவரி 29, லீப் நாள். காசு கிடையாது. நம்ம ஊர்ல பி.எஸ்ஸி. புள்ளியியல் படிச்ச பசங்களுக்கு இது ஏன் பழக்கம் என்பதற்கு அந்தக் கடைசி வாக்கியமே போதும். காசு கொடுத்து வாங்கற புள்ளியியல் மென்பொருளோட உரிமக் கட்டணத்தைக் கல்லூரியே யோசிச்சுத்தான் கட்டணும், நாம எங்க போறது. 'க்ரான்' என்கிற பொதுக் களஞ்சியத்தில் இன்னைக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆர் தொகுப்புகள் சும்மா கிடைக்குது.

சரி, மேட்டருக்கு வருவோம். இங்கே லண்டனில் எம்.எஸ்ஸி. ஆய்வுக்காக மேகக் கணினித் தளம் ஒண்ணில் ஆர் ஓட்டிக்கிட்டிருக்கேன். பெரிய தளங்கள் மூணுல எதுன்னு சொல்ல மாட்டேன், சொன்னா இலவச விளம்பரம் ஆயிடும். இந்தத் தளங்கள் எல்லாத்துலயும் பைத்தானுக்குக் கூடத்துல பாய் விரிச்சுப் போடுறாங்க. ஆருக்குத் திண்ணை. தண்ணி கேட்டா கொடுப்பாங்க, சாப்பாடு கேட்டா யோசிப்பாங்க. இதை வச்சு ஆர்காரர்கள் பல பேர் புலம்பறதைக் கேட்டிருக்கேன். எனக்கு அந்தப் புலம்பல்ல உடன்பாடு இல்லை. திண்ணை போதும். நம்ம நிரலுக்குள்ள வீட்டுக்காரர் பேரை எழுதி வைக்காம இருந்தா திண்ணையே சௌகரியம். என் கட்சி அவ்வளவுதான். ஏன்னு விளக்கத்தான் இத்தனை பத்தி.

முதல்ல எதுக்கு மேகம்னு சொல்லணும் இல்லையா. நம்ம ஊர்ல ஈ.பி.காரர் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை வருவார், மீட்டரைப் பார்ப்பார், அட்டையில ஒரு எண்ணை எழுதிட்டுப் போவார். வருஷத்துக்கு ஆறு எண். லண்டனில் 'லோ கார்பன் லண்டன்' என்று ஒரு திட்டம் நடந்தது. யூகே பவர் நெட்வொர்க்ஸ் என்கிற மின் விநியோக நிறுவனம் நடத்தினது. 2011 நவம்பர் முதல் 2014 பிப்ரவரி வரை 5,567 வீடுகளில் அரைமணிக்கு ஒருமுறை ரீடிங். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 48 எண். மொத்தம் சுமார் 16 கோடியே 70 லட்சம் வரிசைகள், அவிழ்த்தா பத்து ஜிபி வரும் சிஎஸ்வி கோப்பு. பேர், முகவரி எதுவும் இல்லாம லண்டன் டேட்டாஸ்டோர் என்கிற நகரத் தரவுத் தளத்தில் யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம்.

இதுல சுவாரசியமான பகுதி 2013ஆம் வருஷம். சுமார் 1,100 வீடுகளுக்கு நேரத்துக்கு நேரம் மாறுற விலை வச்சாங்க. அதிக விலை நேரத்தில் ஒரு யூனிட் 67.20 பென்ஸ், குறைந்த விலை நேரத்தில் 3.99 பென்ஸ், சாதாரண நேரத்தில் 11.76 பென்ஸ். நாளைக்கு எந்த நேரம் என்ன விலைன்னு முந்தின நாளே வீட்டில் இருக்கிற சின்னத் திரையிலோ குறுஞ்செய்தியிலோ சொல்லிடுவாங்க. மத்த வீடுகளுக்கு ஒரே விலை, 14.228 பென்ஸ். அப்ப விலை ஏறினா ஜனங்க துணி துவைக்கிறதை ராத்திரிக்குத் தள்ளிப் போடறாங்களா? எந்த மாதிரி வீடு தள்ளிப் போடுது, எந்த மாதிரி வீட்டால முடியலை? இதுதான் என் ஆய்வு. நூறு யூனிட் இலவசத்தைத் தாண்டிடக் கூடாதுன்னு அம்மா கிரைண்டருக்குக் கணக்கு போடறதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வி புதுசா என்ன :-)

இப்ப நினைவகக் கணக்கு. ஆர் எல்லாத்தையும் நினைவகத்துல தூக்கி வச்சுக்கும். ஒரு எண்ணுக்கு 8 பைட். 16.7 கோடி எண்கள் கொண்ட ஒரே ஒரு நெடுவரிசைக்கு 1.3 ஜிபிக்கு மேல. வீட்டு அடையாளம், நேரம், யூனிட், விலை வகைன்னு நாலு நெடுவரிசை வச்சாலே அஞ்சு ஜிபி. நடுவுல ஆர் தன் பாட்டுக்கு நகல் எடுக்கும். எட்டு ஜிபி மடிக்கணினி மூச்சு வாங்கி விழுந்துடும்.

"அப்ப மேகத்துக்குப் போ" என்பதுதான் இங்கே எல்லாரும் உடனே சொல்ற பதில். இங்கதான் என் முதல் முரண்பாடு. பத்து ஜிபிக்கு மேகம் எதுக்கு? அந்த சிஎஸ்வியை ஒருமுறை பார்க்கே வடிவத்துக்கு மாத்தினா பல மடங்கு சுருங்கும். 'ஆரோ' தொகுப்பு இருக்கு, 'டக்டிபி' இருக்கு. ரெண்டும் ஆருக்குள்ள இருந்தே கூப்பிடலாம், தேவையான துண்டை மட்டும் படிச்சுக் கூட்டிக் கழிச்சு விடையை மட்டும் நினைவகத்துக்குக் கொண்டு வரும். சராசரி, மாத வாரியா, மணி வாரியான வரைபடம் எல்லாம் அதே எட்டு ஜிபி மடிக்கணினியில டீ ஆறுறதுக்குள்ள முடியும். மேகத்துக்கு வாடகை கட்டுற மாணவர்களில் பாதிப் பேருக்கு அது தேவையே இல்லைங்கிறது என் எண்ணம். கணக்கெடுத்துச் சொல்லலை, பக்கத்து மேசைகளைப் பார்த்துச் சொல்றேன்.

எனக்குத் தேவைப்படுற இடம் வேற. 'எம்ஜிசிவி' என்று ஆர்ல ஒரு தொகுப்பு, சைமன் வுட் எழுதினது. வளைவான உறவுகளைத் தரவிலிருந்தே கண்டுபிடிச்சுப் பொருத்தும். வெயில் ஏற ஏற மின்சாரம் நேர்கோட்டுல ஏறாது, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒரே கதை கிடையாது, அந்த மாதிரி விஷயம். அதில் 'பாம்' என்கிற செயற்கூறு பெரிய தரவுக்காகவே எழுதப்பட்டது. 2015ல் வந்த கட்டுரையில் பிரான்ஸ் நாட்டு மின்கட்டத்தோட அரைமணிச் சுமையை இதை வச்சுப் பொருத்தினாங்க. 2017 கட்டுரையில் பிரிட்டன் முழுக்க நாலு பத்தாண்டு அளந்த கரும்புகைத் தரவு, ஏறக்குறைய ஒரு கோடி அளவீடுகள். 1952ல் லண்டனை மூடின புகைமூட்டத்துக்குப் பிறகு நாடு முழுக்க அளக்க ஆரம்பிச்சாங்களே, அந்தக் கரும்புகை. இந்த வேலைக்கு இந்த அளவு பக்குவப்பட்ட ஒண்ணை நான் பைத்தானில் பார்க்கலை. "பைத்தான் கத்துக்கடா, பிரச்சினை முடிஞ்சது"ன்னு சொல்ற வகுப்புத் தோழர்களுக்கு என் பதில் இதுதான். பைத்தான் தெரியும் சாமி, சோறு போடுற மொழின்னும் தெரியும். கருவி அந்தப் பக்கம் இருந்தா அந்தப் பக்கம் போவேன், இது இந்தப் பக்கம் இருக்கு.

பாம் ஓட நிறைய நினைவகம் வேணும், பல கரு கொண்ட செயலி இருந்தா வேலை சீக்கிரம் முடியும். 64 ஜிபி கணினியை வாங்க முடியாது, நாலு மணி நேரம் வாடகைக்கு எடுக்க முடியும். ஆகவே மேகம்.

மேகத்துல ஆர் எப்படி நடத்தப்படுதுன்னு தெரிஞ்சுக்க மைக்ரோசாப்ட் கதையைப் பார்த்தா போதும். எனக்கு அவங்க மேல தனிக் கோபம் எதுவும் இல்லை, எல்லாமே தேதியோட பொதுவில இருக்கிற விஷயம் என்பதால இந்த உதாரணம்.

2015ல் அவங்க ரெவல்யூஷன் அனலிட்டிக்ஸ் என்கிற ஆர் நிறுவனத்தையே விலைக்கு வாங்கினாங்க. அதே வருஷம் ஆர் கன்சார்ட்டியம் தொடங்கினப்ப அதிலயும் நிறுவன உறுப்பினர். ஊரே மேளம் கொட்டிச்சு. அப்ப அஸூர் மெஷின் லேர்னிங் ஸ்டுடியோவுக்கு ஒரு ஆர் தொகுப்பு வந்தது. ஆர்ல ஒரு செயற்கூறை எழுதி ஒரே வரியில வலைச்சேவையா ஏத்திடலாம். அழகா இருந்தது. 2019 கடைசியில புதுத் தளத்துக்காக இன்னொரு தொகுப்பு வந்தது, 'அஸூர்எம்எல்எஸ்டிகே'. இதோட உள்ளே எட்டிப் பார்த்தா வேடிக்கை. மேல ஆர் வேட்டி, உள்ள பைத்தான் பேன்ட். 'ரெட்டிகுலேட்' என்கிற பாலம் வழியா பைத்தான் தொகுப்பைத்தான் கூப்பிடும். அதனால ஆர் தொகுப்பை நிறுவினதும் அது பைத்தானை நிறுவச் சொல்லும். எங்கேயாவது தப்பு நடந்தா பிழைச்செய்தி பைத்தான் பாஷையில வரும்.

2021 முடிவோட அந்தத் தொகுப்பைக் கைவிட்டாச்சு. 2022 ஜூலை 1ல் மெஷின் லேர்னிங் சர்வர் ஓய்வு. 2023 ஜூலை 1ல் எம்ரான் மூடல். 2024 ஆகஸ்ட் 31ல் அந்தப் பழைய ஸ்டுடியோவும் மூடல். 2015ல் மேளம் கொட்டின கல்யாண வீட்டில் ஒன்பது வருஷத்துல பந்தல் முழுக்கப் பிரிச்சாச்சு.

இதில் எம்ரான் பத்தி மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா வலி அங்கதான் அதிகம். க்ரான் களஞ்சியம் தினமும் மாறும். இன்னைக்கு ஓடுற நிரல் ரெண்டு வருஷம் கழிச்சு ஓடாது, தொகுப்புகளோட பதிப்பு மாறியிருக்கும். அதனால 2014 செப்டம்பர் முதல் தினமும் க்ரானை அப்படியே ஒரு புகைப்படம் மாதிரி எடுத்து வச்சாங்க. 'செக்பாயின்ட்' தொகுப்பில் ஒரு தேதியைக் கொடுத்தா அன்னைக்கு இருந்த பதிப்புகளே கிடைக்கும். "இந்த ஒரு வரியைப் போட்டா உங்க ஆய்வு என்னைக்கும் மறுபடி ஓடும்"னு எத்தனையோ ஆய்வேடுகளில் எழுதி வச்சாங்க. முகவரியே போன பிறகு அந்த வரி யாரைக் கூப்பிடும்? மறுபடி ஓட வைக்கறதுக்காகவே போட்ட வரிதான் இப்ப ஓட விடாம நிறுத்தற வரி. தேதி வாரியான நகல்கள் இப்ப போசிட் நிறுவனத்தோட பொதுக் களஞ்சியத்தில் கிடைக்குது (2022 வரைக்கும் ஆர்ஸ்டுடியோன்னு பேர் இருந்ததே, அதே நிறுவனம்தான்). பழைய நிரலில் முகவரியை மாத்தி எழுதிக்கணும். எழுதினவர் இன்னும் துறையில இருந்தா மாத்துவார்.

நியாயமா ஒண்ணைச் சொல்லிடணும். அஸூர்ல இன்னைக்கும் ஆர் ஓடும். ஆருக்குன்னு தனித் தொகுப்பு இல்லைன்னு அவங்க ஆவணத்திலேயே ஒளிவு மறைவில்லாம எழுதியிருக்காங்க. ஆர் நிரலை ஒரு கன்டெய்னருக்குள்ள வச்சு, கட்டளைவரியில இருந்து வேலையா அனுப்பிக்கோங்கன்றாங்க. அமேசான் பக்கம் போனா அவங்க சொந்தமா ஆருக்கு எழுதின கருவித்தொகுப்பு இல்லை. சேஜ்மேக்கருக்கு ரெட்டிகுலேட் பாலம் வழியாப் போகச் சொல்வாங்க. 'பாஸ்' என்று வெளி ஆட்கள் எழுதின ஆர் தொகுப்பு ஒண்ணு இருக்கு, நல்லாவே உழைக்குது. 2021 நவம்பர்ல இருந்து சேஜ்மேக்கருக்குள்ள ஆர்ஸ்டுடியோ உண்டு, அதுக்குத் தனி உரிமம் வாங்கணும். கூகுள் கோலாப்ல ரன்டைம் மெனுவைத் திறந்தா ஆர் தெரியும். எல்லாருமே திண்ணையில இடம் கொடுக்கறாங்க.

ஏன் இப்படின்னா பெரிய சதி எதுவும் இல்லை. ஆழ்கற்றல் கூட்டம் முழுக்க பைத்தான்ல இருக்கு, மேகக் கம்பெனிக்கு வருமானம் அந்தப் பக்கம். தலையை எண்ணித்தான் இலை போடுவாங்க. இதுக்குப் போய் "எங்க மொழிக்கு மரியாதை இல்லையா"ன்னு கொடி பிடிச்சா, அடுத்த கம்பெனி ஒரு புது ஆர் தொகுப்பை விடும், நாம மறுபடி அதை நம்பி நிரல் முழுக்க அவங்க செயற்கூறுகளைத் தூவுவோம், நாலு வருஷத்துல மறுபடி பந்தல் பிரிப்பாங்க. எனக்கு அந்த மரியாதை வேண்டாம்.

இங்கதான் தலைப்புக்கு வர்றேன். லண்டன்ல வாடகைக்கு இருக்கறவங்களுக்குத் தெரியும். ஒப்பந்தத்துல "சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டக் கூடாது"ன்னு ஒரு வரி இருக்கும். ஆணி அடிச்சா காலி பண்ணும்போது முன்பணத்துல பிடிப்பாங்க. (அந்த முன்பணத்தையும் 2007ல இருந்து இங்கிலாந்துல பாதுகாப்புத் திட்டத்துலதான் போட்டு வைக்கணும்னு சட்டம். மேகத்துல குடியிருக்கறவனுக்கு அப்படி ஒரு சட்டம் எப்ப வருமோ.) அதனால இங்கே நாங்க எல்லாரும் மடக்கு மேசை, நிக்கிற விளக்கு, ரெண்டு பெட்டின்னு வாழறோம். சாமி படம்கூட சுவர்ல இல்லை, அலமாரி மேல சாஞ்சு நிக்குது. நாளைக்கே கிளம்பச் சொன்னாலும் கிளம்பலாம்.

நிரலையும் அப்படித்தான் எழுதுறேன். என் ஆர் கோப்புக்கு மூணு விஷயம்தான் வெளியில இருந்து வரும்: தரவு எந்த உறையில இருக்கு, விடையை எந்த உறையில எழுதணும், எத்தனை கரு கிடைக்கும். கட்டளைவரியில இந்த மூணையும் கொடுத்தா ஓடும். உள்ளே எந்தக் கம்பெனி பேரும் கிடையாது. தொகுப்புகளோட பதிப்புகளை 'ரென்வ்' ஒரு பூட்டுக் கோப்பில் எழுதி வச்சுக்கும். எல்லாத்தையும் ராக்கர் திட்டத்தோட டாக்கர் பிம்பம் ஒண்ணுல ஏத்திடறேன். ராக்கர் 2014ல இருந்து தன்னார்வலர்கள் நடத்துறது, ஆர் பதிப்பு எண்ணைச் சொன்னா அந்தப் பதிப்போட பிம்பம் கிடைக்கும். முதல்ல அம்பது வீட்டுத் தரவை மட்டும் வச்சு மடிக்கணினியில ஓட்டுவேன். அதே பிம்பத்தை மேகத்துக்கு அனுப்பி 5,567 வீட்டுக்கும் ஓட்டுவேன். தளத்துக்கே உரிய விவரங்கள், எந்த அளவு இயந்திரம், எந்தச் சேமிப்பிடம், எல்லாம் தனியா ஒரு சின்ன அமைப்புக் கோப்பில் இருபது வரிக்குள்ள. வீடு மாத்தினா அந்த இருபது வரியைக் கிழிச்சுப் போட்டுப் புதுசா எழுதினா போதும்.

"இதெல்லாம் பெரிய வேலை, நோட்டுபுக்ல பட்டனைத் தட்டினா முடிஞ்சது"ன்னு சொல்வீங்க. முதல் நாள் பெரிய வேலைதான், மறுக்கலை. டாக்கர் கத்துக்க எனக்கு ஒரு வார இறுதி முழுக்கப் போச்சு. அலசிப் பார்க்கிற கட்டத்துக்கு நோட்டுபுக்கே நல்லது, அதையும் நான் பயன்படுத்தறேன். ஆய்வேட்டுல போடற எண் எந்த வழியா வந்ததுன்னு தேர்வாளர் கேட்டா காட்ட வேண்டியது கன்டெய்னர்.

இது என் சொந்தச் சரக்குன்னு நினைக்காதீங்க. ப்ளூம்ஸ்பரியில கெப்பல் தெருவுல இருக்கிற லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராபிகல் மெடிசினும் ஆக்ஸ்போர்டும் சேர்ந்து 2020ல் கொரோனா நேரத்துல 'ஓப்பன்சேஃப்லி' என்று ஒண்ணைக் கட்டினாங்க. இங்கிலாந்து நோயாளிகளோட மருத்துவப் பதிவுகளை ஆராயற தளம். அதில் ஆய்வாளர் உண்மையான பதிவைக் கண்ணால பார்க்கவே முடியாது. போலித் தரவை வச்சுத் தன் கணினியில நிரலை எழுதணும், அந்த நிரல் கன்டெய்னருக்குள்ள பாதுகாப்பான சர்வருக்குப் போய் அங்க ஓடும், சரிபார்த்த விடை மட்டும் வெளியே வரும். 2020 ஜூலையில் நேச்சர் இதழில் வந்த அவங்க ஆய்வு 1 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமான பேரோட பதிவுகளை வச்சுச் செய்தது. அங்கே ஆர், பைத்தான், ஸ்டாட்டா எல்லாம் சமபந்தி. அங்கே ஆருக்கு இடம் கிடைச்சது ஒரு விற்பனைப் பிரிவோட தயவால இல்லை. கன்டெய்னருக்கு உள்ளே இருக்கறது எந்த மொழின்னு வெளியே இருக்கற கட்டமைப்பு கவலைப்படாது, அதனால.

காலி பண்றதுன்னு சொன்னேன், அதுக்கும் கட்டணம் உண்டு. தரவை மேகத்துக்குள்ள ஏத்த சாதாரணமா காசு கிடையாது, வெளியே இறக்கினா ஜிபிக்கு இவ்வளவுன்னு போடுவாங்க. திருவிழா ராட்டினத்துல ஏற இலவசம், இறங்கக் காசுன்னு சொல்வாங்களே. இந்த ஊர்ல அதை விசாரிச்சிருக்காங்க. தகவல் தொடர்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் 2023 அக்டோபரில் போட்டி ஆணையத்துக்கு அனுப்பினது. ஆணையம் 2025 ஜூலை 31ல் வெளியிட்ட இறுதி முடிவில், மேகச் சந்தையில போட்டி ஒழுங்கா வேலை செய்யலை, வாடிக்கையாளர் இடம் மாற முடியாமப் பூட்டப்பட்டிருக்காங்கன்னு சொன்னாங்க. அமேசான், மைக்ரோசாப்ட் ரெண்டையும் தனிச் சிறப்பு விசாரணைக்கு எடுத்துக்கணும்னும் பரிந்துரை. பெரிய பெரிய கம்பெனிகளே இடம் மாற முடியலைன்னு அழுவுது, வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம்னு விசாவில் எழுதியிருக்கிற மாணவன் எங்க போவான். அதனால என் மூலத்தரவு நகல் எப்பவும் என் வன்தட்டுல. மேகத்துல இருந்து இறக்கறது மாடலும் நாலு அட்டவணையும் மட்டும், சில எம்பி.

பைசா விஷயத்துல இன்னொண்ணு. உலாவியை மூடினா இயந்திரம் நிக்காது. 'நிறுத்து' பட்டனைத் தட்டற வரைக்கும் மீட்டர் ஓடும். சும்மா இருந்தா தானா நின்னுடற அமைப்பு பல தளங்கள்ல இருக்கு, முதல் நாளே போட்டுடுங்க. நான் வேலையை நோட்டுபுக்கா ஓட்டாம கன்டெய்னர் வேலையா அனுப்பறதுக்கு இதுவும் ஒரு காரணம், வேலை முடிஞ்சதும் இயந்திரம் தானா விடுதலை.

கடைசியா தமிழ்ப் பதிவர்களுக்கே உரிய சமாச்சாரம். விண்டோஸ்ல ஆர் வச்சுத் தமிழ் உரையை ஆராயப் பார்த்தவங்களுக்கு இந்தக் கொடுமை தெரியும். 'தமிழ்' என்று எழுதி அச்சடிக்கச் சொன்னா, ஒவ்வொரு எழுத்துக்கும் கோண அடைப்புக்குள்ள யூ, கூட்டல் குறி, நாலு எண்ணும் எழுத்தும்னு கொட்டும். பாட்டியம்மா பேரைக் கேட்டா ரேஷன் கார்டு நம்பரைச் சொன்ன மாதிரி. 2022 ஏப்ரல்ல வந்த 4.2.0 பதிப்புலதான் புதிய விண்டோஸ்களில் யூடிஎஃப்-8ஐ ஆர் தன் சொந்த எழுத்துமுறையா எடுத்துக்கிச்சு. அதுவரைக்கும் தமிழ் ஒழுங்காத் தெரியணும்னா லினக்ஸ், இல்லைன்னா மேகம். தமிழ் ட்வீட்டுகளை எண்ணறதுக்காக மட்டுமே மேகத்துக்கு வாடகை கட்டினவங்களை எனக்குத் தெரியும். இப்ப அந்தக் காரணம் தீர்ந்தது. ஆனா கவனம், கன்டெய்னர்ல லொக்கேல் அமைக்காம விட்டா லினக்ஸிலயும் அதே ரேஷன் கார்டு நம்பர்தான் வரும். ராக்கர் பிம்பத்துல அதை ஏற்கெனவே அமைச்சு வச்சிருக்காங்க, சொந்தமா பிம்பம் கட்டறவங்க யூடிஎஃப்-8 வரியை மறக்காமச் சேருங்க.

நமக்கு முன்னாடி எழுத வந்த பெரியவங்களுக்கு இது எதுவும் புதுசா இருக்காது. திஸ்கி, தாப், பாமினின்னு ஆளுக்கொரு குறிமுறையில எழுதினவங்க யூனிகோடுக்கு மாறினது எதனால? எழுத்துரு தயாரிச்ச ஆள் காணாமப் போனாலும் எழுத்து படிக்கக் கிடைக்கணும்னுதான். 2009 அக்டோபர்ல யாஹூ ஜியோசிட்டீஸை மூடினப்ப, தன் பக்கங்களை சாதாரண உரைக் கோப்பா எடுத்து வச்சிருந்தவங்க வேற வீட்டுக்குப் போனாங்க. வைக்காதவங்க பக்கம் போச்சு. அவங்க யாராவது இதைப் படிச்சா, "தம்பி, இதை எங்களுக்குச் சொல்றியா"ன்னு சிரிப்பாங்க. சிரிங்க தல, தப்பில்லை.

பைத்தான் கோஷ்டி பின்னூட்டத்துக்கு வரலாம், கும்மிக்கு நான் ரெடி. ஆனா பாமுக்கு இணையா பைத்தான்ல ஒண்ணு இருக்குன்னு சொல்றவங்க பேரோட சொல்லுங்க, உண்மையிலயே ஓட்டிப் பார்க்கிறேன்.

டிஸ்கி: சென்னை, மதுரை, கோவைன்னு எந்த ஊர்லயாவது அரைமணி வாரியா, பேர் முகவரி நீக்கின வீட்டு மின்சாரத் தரவு பொதுவில கிடைச்சா யாராவது சுட்டி கொடுங்களேன். சித்திரை வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏசி போடற வீட்டையும், டிசம்பர் சாயங்காலம் ஆறு மணிக்கு ஹீட்டர் போடற லண்டன் வீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணும்னு ஆசை. நிரல்ல மாத்த வேண்டியது தரவு உறையோட பேர் மட்டும்தான்.